தூண்டில் நிலவரம்

ஏரியில் மீன் இல்லை என்று கருவிகள் சொல்லிக்கொண்டிருந்தன. அதே ஏரியில் தூண்டில் போட்டவர்கள், தூக்க முடியாத மீனைத் தூக்கிக்கொண்டு கரையேறிக்கொண்டிருந்தார்கள். இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியாமல் வல்லிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இரண்டையும் எழுதி அனுப்புகிறவள் அவளேதான் என்பது இன்னொரு கொடுமை. ஏரி அலுவலகத்தில் அவளுக்கு இரண்டு வேலை. தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மிதவைகள் ஒலியை அனுப்பி, அது மீனில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, எவ்வளவு மீன் என்று கணக்குச் சொல்லும். அதைச் சரிபார்ப்பது ஒன்று. வாரா வாரம் ‘தூண்டில் நிலவரம்’ எழுதுவது இன்னொன்று. எந்தத் துறையில் எந்த மீன் கடிக்கும், காலையில் போகலாமா மாலையிலா, உயிர் இரையா பொய் இரையா என்று ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கெல்லாம் போகிற அறிக்கை அது. காசுள்ளவர்கள் கோடையில் அங்கே வந்து மீன் பிடித்து, மீனோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஊரின் பெயர் புது வேலாங்குப்பம். பழைய வேலாங்குப்பத்தைக் கடல் எடுத்துக்கொண்டது. நாகைக் கரையில் அது ஒன்று மட்டும் போகவில்லை, வரிசையாகப் போயின. உலகின் வடகோடியில் பனி விலகி, ஆளில்லாத ஏரிக்கரைகளை வைத்துக்கொண்டிருந்த நாடுகளில் ஒன்று, மீனவர்களைக் குடியேற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு விதி. ஏரி எத்தனை வயிற்றைத் தாங்குமோ அத்தனை குடும்பம். வருடத்துக்கு ஒரு நாள் மீனை எண்ணுவார்கள். தொகை ஒரு கோட்டைத் தாண்டினால் கதவு திறக்கும். முகாமில் காத்திருப்பவர்களில் அடுத்த கூட்டம் வரலாம். தாண்டாவிட்டால் இல்லை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிற எதையும் வல்லி இரண்டாவது முறை உற்றுப் பார்ப்பாள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு வருகிற வியாதி அது. மீன்வளம் படித்தவள். அவளைப் படிக்கவைத்த அக்காள் அஞ்சலாட்சி, கூடை சுமந்து தெருத்தெருவாய் மீன் விற்றவள், இப்போது பெரம்பலூர்ப் பக்கத்து முகாமில் தகரக் கொட்டகையில் கிடந்தாள். புருஷன் செத்துவிட்டான். வரிசையில் அவள் பெயர் முன்னால்தான் இருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. மூன்றாவது வருடமாக ஏரியின் தொகை கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

“மீனு எப்புடிடி இருக்கு?” ஒவ்வொரு முறை பேசும்போதும் அக்காள் முதலில் கேட்பது இதைத்தான்.

“நல்லாத்தான்க்கா இருக்கு.”

“போன வருசமும் இதத்தான் சொன்ன.”

“இந்த வருசம் விடமாட்டேன்க்கா.”

“நீ விட்டா என்னா, விடாட்டி என்னா. மீனு குட்டி போடணும்ல.” அக்காள் சிரித்தாள். “இங்க தண்ணி லாரி வந்தா அடிதடிதான். நேத்து ஒருத்தி மண்டய ஒடச்சிட்டேன் தெரியுமா, கொடத்தாலயே. எனக்கு முன்னாடி பூந்துட்டா.”

“அக்கா!”

“என்னாடி அக்கா? அவளுக்குப் புள்ள இருக்கு, எனக்கு இல்லன்னா தாகம் எடுக்காதா?”

வல்லிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எண்ணிக்கை நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் பெரிய விடுதிக்குப் பின்னால், மீன் அரியும் மேடைக்குப் போனாள். விருந்தாளிகள் பிடித்து வரும் மீனைச் சுத்தம் செய்து பொட்டலம் கட்டிக் கொடுப்பது குப்பத்துப் பெண்களின் வேலை. மாரிக்கொழுந்து அத்தை ஆள் நீளத்தில் பாதி இருந்த ஒரு மீனைப் போட்டு வகிர்ந்துகொண்டிருந்தாள். நீள மூக்கு, வாய் நிறையப் பல். அந்த நாட்டில் அதற்கு வேறு பெயர். கடலில் பார்த்த சீலாவைப் போல இருக்கிறதென்று குப்பம் அதைச் சீலா என்றே வைத்துக்கொண்டது.

“இம்மாம் பெரிய சீலா எங்க மாட்டிச்சு அத்தே?”

“ஏரியிலதான். வானத்துலயா மாட்டும்?”

“ஏரின்னா எந்தப் பக்கம்?”

கத்தி ஒரு கணம் நின்றது. பக்கத்தில் செதில் உரசிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள்.

“ஏண்டி, நெலவரம் எழுதுறவ நீ. நீதான எங்களுக்குச் சொல்லணும்?” என்றாள் மாரிக்கொழுந்து. எல்லோரும் சிரித்தார்கள். தேவைக்கு மேல் சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டது.

வல்லி மீனின் வயிற்றைப் பார்த்தாள். அத்தை கிழித்த இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே முழுசு முழுசாகச் சின்ன மீன்கள், ஒன்றின் மேல் ஒன்று அடைத்து, ஒன்றுகூடச் செரிக்காமல். விரட்டிப் பிடித்துத் தின்ற வயிறு அப்படி இருக்காது. வாயைத் திறந்தால் இரை வந்து விழுகிற இடத்தில், நெருக்கி அடைபட்டுக் கிடந்த மீன் அது.

“இது எங்கயோ அடஞ்சி கெடந்த மீனு அத்தே.”

“கெடக்கட்டும். நீ போ.” மாரிக்கொழுந்து தலை நிமிராமல் சொன்னாள். “கண்டதயும் நோண்டாத. சொல்றத கேளு, போ.”

அன்று வீட்டில் அப்பா கரண்டியால் சாப்பிட்டார். பிறந்ததிலிருந்து கரண்டி பிடிக்காத மனிதர். வல்லி கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“என்னாப்பா இது?”

“வெறகு வெட்டுனேன்.”

அந்த வீட்டில் மின்சாரத்தில்தான் சூடு, மின்சாரத்தில்தான் சமையல். விறகு எரிக்க அடுப்பே கிடையாது. அப்பாவும் அதை யோசித்திருக்க வேண்டும். கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

யாரோ திருடுகிறார்கள் என்று வல்லி முடிவு கட்டினாள். விடுதிக்காரர்களாக இருக்கும். அலுவலகமாகக்கூட இருக்கும். மீனை எங்கோ ஒதுக்கிவைத்து, தொகையைக் குறைத்துக் காட்டி, ஏழைகளுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். குப்பத்தாரை மிரட்டி வாயைக் கட்டியிருக்கிறார்கள். அப்படி நினைக்கும்போது அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு சுகமும் இருந்தது. எதிரி வெளியே இருந்தால் எவ்வளவு வசதி!

அலுவலகத்தில் தனியாக இருந்தபோது, மிதவைகளின் கணக்கை விட்டுவிட்டு அவை பதிந்த ஒலியையே எடுத்துக் காதில் மாட்டிக் கேட்டாள். போன வருடம், எண்ணிக்கைக்கு முந்தைய நாட்கள். தண்ணீரின் மூச்சு. எங்கோ ஒரு படகின் எஞ்சின். பிறகு அது.

டொக். டொக்-டொக். டொக்.

ஒரு மிதவையில் தொடங்கி அடுத்த மிதவைக்கு நகர்ந்தது. அடுத்ததற்கு. வரிசையாக மேற்கு முனை வரை போய் ஓய்ந்தது. இயந்திரம் அதற்குப் ‘பிற ஒலி’ என்று பெயர் கொடுத்து ஒதுக்கியிருந்தது. வல்லிக்கு அப்படிப் பெயர் தேவைப்படவில்லை. உப்பங்கழியில் வலையை வளைத்துக் கட்டிவிட்டு, படகின் விளிம்பில் கட்டையால் தட்டித் தட்டி மீனை வலைப் பக்கம் விரட்டுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவள் வளர்ந்தாள். இந்தத் தாளத்தை உலகத்தில் வேறு யாருக்கும் தட்டத் தெரியாது.

அவள் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எதிரி வெளியே இல்லை.

வேலை முடிந்ததும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஏரியின் மேற்கு முனைக்குப் போனாள். அந்த நாட்டுக் கோடையில் சூரியன் அடங்காது. ஒளிந்து மறைந்து ஒரு காரியமும் செய்ய முடியாது. அதனால்தானோ என்னவோ, ஊரே சேர்ந்து செய்தது.

பாறைமேல் நின்று பார்த்தாள். குப்பத்துப் படகுகள் அத்தனையும் வரிசை கட்டி வந்தன. எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பில் வந்தார்கள். ஒருவன் துடுப்புப் போட, ஒருவன் விளிம்பில் கட்டையால் அடித்தான். தண்ணீரின் முன்வரிசை, அரிசி கொதிப்பதைப் போல நடுங்கிக்கொண்டே நகர்ந்தது. மீன். அவ்வளவும் மீன். அவரைக்காய்போல வளைந்து கிடக்கும் சிறிய குடா ஒன்று அங்கே உண்டு. ஆழம் குறைவென்று அதற்குள் மிதவை வைக்கவில்லை. மீன் உள்ளே போனதும் குடாவின் வாயில் வலை ஏறியது. உள்ளே தண்ணீர் மேல் அங்கங்கே வெள்ளை வயிறுகள் மிதந்தன. நெரிசலில் மூச்சு முட்டிச் செத்தவை. வலைக்கு உள்ளே ஒரு சின்னத் துடுப்புப் படகில் இரண்டு விருந்தாளிகள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிவந்தவன் குப்பத்துப் பையன்தான். அடைத்து வைத்த மீனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மீனவனால் முடிந்திருந்தால் அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

மூன்றாவது படகில், கையில் துணி சுற்றிக்கொண்டு அடித்தவர் அப்பா.

அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர் பஞ்சநாதம் நாட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கடல் போனபோது வலை போனது, கோயில் போனது. பஞ்சாயத்து மட்டும் விமானம் ஏறி வந்துவிட்டது. அப்பா சுவரோரமாக நின்றார், சொந்த வீட்டில்.

“பாத்துட்ட?” என்றார் நாட்டார்.

“பாத்துட்டேன் மாமா.”

“சரி. பாத்தத பாத்த எடத்துலயே வுட்டுட்டு வந்திருக்கணும்.”

“முகாம்ல நம்ம சனங்க தண்ணிக்கு மண்டய ஒடச்சிகிட்டுக் கெடக்குறாங்க. நீங்க இங்க மீன ஒளிச்சி வச்சி வெளையாடுறீங்க.”

“வெளையாட்டா? ஏம்புள்ள, படிச்சவதான நீ? கணக்குப் போட்டுப் பாரு. கதவு ஒருக்கா தெறந்தா ஒரு கூட்டம் வரும். ஆளுக்கொரு வலை. அப்பறம் மீனு நெசமாவே கொறையும். மீனு கொறஞ்சா தூண்டில் போட வர்றவன் வேற ஏரிக்குப் போயிருவான். விடுதிய மூடுவான். நம்ம பசங்க எங்க போறது? கடல்ல என்னா நடந்துச்சுன்னு நீ பாக்கல? எல்லாரும் எறங்கி எல்லாரும் அள்ளுனோம். அப்பறம் கடலே நம்மள அள்ளிட்டுது.”

“கடல் ஏறுனது நாம மீன் புடிச்சதாலயா மாமா?”

நாட்டார் வேறு பக்கம் திரும்பினார். “ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. ஒவ்வொரு தலைக்கட்டும் கைதூக்கிச் சம்மதிச்சுது.”

“எங்கக்காவுக்கு அங்க கை இருந்துச்சா?”

“அவ தலைக்கட்டா? ஆம்பள இல்லாத குடி எப்பவும் தலைக்கட்டு கெடயாது. நீயும் கெடயாது. ஒனக்குப் பதில் சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்கப்பன் மூஞ்சிக்காக வந்து உக்காந்திருக்கேன்.” எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். குளிருக்கு உள்ளே கால்சட்டை, மேலே வேட்டி. “வெளிய பேசுன, இந்தக் குடும்பத்தோட யாரும் அன்னந்தண்ணி பொழங்க மாட்டான். படகுல பங்கு கெடயாது. பாத்துக்க தனவேலு.”

அவர் போனதும் வல்லி அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

“ஏம்ப்பா?”

அப்பா கையில் சுற்றிய துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அக்கா பேருதாம்ப்பா மொத வரிசையில இருக்கு. தெரிஞ்சேதான் அடிச்சியா?”

“தெரியும்.”

“ஒரு அடி அடிக்கும்போதுகூட அவ மொகம் வரலயா ஒனக்கு?”

“ஒவ்வொரு அடிக்கும் வந்துச்சு.” அப்பாவின் குரல் சுவரைப் பார்த்தபடி வந்தது. “ஊர எதுத்துகிட்டு எங்க பாப்பா போறது? அங்கன்னா பக்கத்துக் குப்பத்துக்கு ஓடலாம். இங்க போறதுக்கு இன்னொரு கரை இருக்கா சொல்லு.”

அது உண்மை என்று வல்லிக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

காலையில் நேராக ஹெல்காவின் அறைக்குப் போனாள். ஹெல்காதான் ஏரி அலுவலகத்துக்குத் தலைவி. நல்ல பெண்மணி என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் மொழியில் பேசினால் வல்லியின் காதிலிருக்கும் கருவி அதைத் தமிழாக்கிச் சொல்லும். யார் பழக்கிய தமிழோ, கல்வெட்டைப் படிப்பதுபோல இருக்கும்.

“வணக்கம் வல்லி. தாங்கள் அமரலாம். தங்கள் முகம் வாடியிருக்கிறதே.”

வல்லி எல்லாவற்றையும் சொன்னாள். தட்டுவதை, விரட்டுவதை, குடாவை, வலையை. அப்பாவை மட்டும் விட்டுவிட்டாள். ஹெல்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரு முறைகூட ஆச்சரியப்படவில்லை.

“அந்த ஒலியை முதலாம் ஆண்டிலேயே நாங்கள் கேட்டோம்” என்றது காதுக்கருவி. “எங்கள் பண்பாட்டு ஆலோசகர் அதை ஆராய்ந்தார். மீன்பிடிப் பருவத்தையொட்டித் தங்கள் சமூகம் நிகழ்த்தும் மரபுச் சடங்கு என்று பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் அதை மிகவும் மதிக்கிறோம்.”

“சடங்கா? அது சடங்கு இல்லங்க. மீன வெரட்டுறாங்க. தொகை கொறையணும்னு வெரட்டுறாங்க.”

“அவ்வாறு தாங்கள் கருதுகிறீர்கள்.”

“நான் கருதல. பாத்தேன்.”

ஹெல்கா சன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே ஏரி பளபளத்தது. “தாங்கள் புகார் அளிக்கலாம். அது தங்கள் உரிமை. புகார் வந்தால் விசாரணைக் குழு அமைப்போம். விசாரணை முடியும் வரை எண்ணிக்கை நிறுத்தி வைக்கப்படும். எனவே கதவும் திறக்காது. மோசடி மெய்ப்பிக்கப்பட்டால், அதில் ஈடுபட்ட குடும்பங்கள் திருப்பி அனுப்பப்படும்.” சற்று நிறுத்தினாள். “தங்கள் தந்தையார் நலமா? அவர் கைகளில் காயம் என்று கேள்விப்பட்டேன்.”

வல்லிக்கு எல்லாம் விளங்கியது. இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு மேலே உள்ளவர்களுக்கும் தெரியும். வராதே என்று சொன்னால் உலகம் காறித் துப்பும். அதனால் மீனைச் சொல்லவைத்தார்கள். மீனைச் சொல்லவைக்க, வந்து சேர்ந்தவர்களின் பயத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கதவையும் சாத்த வேண்டும், சாத்திய கையும் தெரியக்கூடாது. கை தனவேலுவின் கை. கொப்புளமும் அவருக்குத்தான்.

“தாங்கள் புகார் அளிக்க விரும்புகிறீர்களா?”

“இல்லங்க.”

“நல்லது. இவ்வாரத் தூண்டில் நிலவரத்தை மறந்துவிடாதீர்கள். விடுதிகள் காத்திருக்கின்றன.”

வல்லி தன் இருக்கைக்கு வந்தாள். திரையில் காலி அறிக்கை திறந்து கிடந்தது. ஒரு மணி நேரமாவது அதையே வெறித்துக்கொண்டிருந்திருப்பாள். அக்காளுக்காக அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் யாராவது அன்பாகக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார்கள் என்ற பயத்தில் அழவில்லை. பிறகு சட்டென்று ஒன்று உறைத்தது. புகார் எழுதினால்தானே விசாரணை? நிலவரம் எழுதினால் யார் விசாரிப்பார்கள்? அதை யாரும் சரிபார்ப்பதில்லை. விரலைத் தட்டினால் ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை விடுதிக்கும் போய்விடும். அதிலும் அவள் எழுதப்போவது சுத்தமான உண்மை.

அவர்கள் மொழியில், அவர்களுக்குப் பிடித்த தோரணையில் எழுதினாள்.

‘மேற்கு முனை, சிறுகுடா: இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வாய்ப்பு. பெரிய மீன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. எந்த இரையையும் எடுக்கும். வெறும் கொக்கியைக்கூட எடுக்கும். கரையோரமாக அல்ல, ஏரியின் நடுவிலிருந்து விசைப்படகில் நேராக வருவது எளிது. ஆண்டு எண்ணிக்கை நாளன்று அதிகாலையில் வாருங்கள். மறுநாள் இந்த வாய்ப்பு இருக்காது.’

அனுப்பினாள். ஹெல்கா வழக்கம்போலப் படிக்காமலே ‘அருமை’ என்று ஒரு குறி போட்டாள்.

எண்ணிக்கை நாள் காலையில் குடாவின் வாயில் வலைக்குக் காவல் இருந்தவர்கள், முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டார்களாம். பிறகு ஏரியே எழுந்து வருவதுபோலப் படகுகள். எதிர்க்கரை விடுதிகள், தீவு விடுதி, ஊர்பேர் தெரியாத கூடாரக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொரு படகிலும் முள்ளம்பன்றிபோலத் தூண்டில்கள். நாட்டார் துடுப்பை ஆட்டி ஆட்டிக் கத்தினார். வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொன்னார். வந்தவர்களின் காதுக்கருவிகள் அதையெல்லாம் எப்படி மொழிபெயர்த்தனவோ, எல்லோரும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். நாட்டாருடைய தாயாரைப் பற்றி ஒருவன் அன்போடு விசாரித்ததாகவும் பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

முதல் படகு வலையை அறுத்தது. இரண்டாவது படகின் எஞ்சின் விசிறியில் அது சுற்றிக்கொண்டு கிழிந்தது. அதற்குப் பிறகு அங்கே வலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடைபட்டிருந்தது அத்தனையும் பிய்த்துக்கொண்டு ஏரிக்குள் ஓடியது. படகுகளுக்கு அடியில் ஓடியது, துள்ளிப் படகுகளுக்குள்ளேயே விழுந்தது. தூண்டில்காரர்கள் சின்னப் பிள்ளைகளைப் போலக் கூச்சல் போட்டார்கள்.

அலுவலகத் திரையில் மிதவைகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. வல்லி இமைக்காமல் பார்த்தாள். பொழுது ஏற ஏறத் தொகையும் ஏறியது. கோட்டைத் தொட்டது. தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

ஹெல்கா பின்னால் வந்து நின்றாள். கையில் காப்பி. நெடுநேரம் திரையைப் பார்த்தாள்.

“இவ்வாண்டு சடங்கு நடைபெறவில்லையா?”

“நடந்துதுங்க. விருந்தாளிங்களும் கலந்துகிட்டாங்க.”

ஹெல்கா சிரிக்கவில்லை. வல்லியின் முகத்தை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தாள், ஒரு மீனை எடை பார்ப்பதுபோல. ஆனால் விதி அவர்கள் போட்ட விதி. கோடு அவர்கள் கிழித்த கோடு. கதவு திறந்தது.

நாட்டார் சொன்னதைச் செய்தார். வல்லி வீட்டோடு ஊர் புழங்கவில்லை. அப்பாவுக்குப் படகில் பங்கு போனது. கடையில் அவள் நின்றால் கடைக்காரன் அவளுக்குப் பின்னால் இருப்பவனிடம் பேசினான். தலைக்கட்டே இல்லை என்று ஊரில் சேர்க்காதவளை ஊரைவிட்டு எப்படி விலக்குவது என்று மாரிக்கொழுந்து அத்தை பஞ்சாயத்திலேயே கேட்டாளாம், அவளுக்கும் அபராதம். அப்பா விடுதியில் படகு கழுவப் போனார். வல்லியிடம் அவரும் பேசவில்லை. எழுதியது அவள்தான் என்று தெரியாதவர்கள் ஊரில் யாரும் இல்லை. அவள் நடந்தால் பேச்சு நிற்கும், கடந்த பிறகு தொடங்கும்.

அக்காள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு அவள் அதைத் தாங்கினாள்.

மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியபோது அக்காள் வந்தாள். பாதி உடம்பாக வந்தாள். பேருந்திலிருந்து இறங்கி நின்ற இடத்திலேயே ஏரியைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை வந்தார். முதல் ஒரு வாரம் அக்காள் குழாயைத் திறந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் எழுந்தாள். மாரிக்கொழுந்து அத்தையோடு மீன் அரியப் போனாள். கத்தி பிடித்தால் அக்காளை வெல்ல ஆள் கிடையாது. உடம்பு தேறியது, பேச்சு வந்தது. ஊர் அவளிடம் பேசியது. தங்கையிடம் பேசாதவர்கள் எல்லாம் அக்காளிடம் பேசினார்கள். அவளும் கேட்டுக்கொண்டு வந்தாள். வல்லிக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஏரி உறைவதற்கு முன்னால் அதே கூட்டத்தின் அடுத்த பேருந்துகள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சன்னலுக்கு வெளியே ஒன்று வந்து நின்றது. மூட்டையும் முடிச்சுமாக ஆட்கள் இறங்கினார்கள். குளிர் முகத்தில் அறைந்ததும் ஒரு பிள்ளை வீறிட்டது. அதன் தாய் முந்தானைக்குள் அதைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

அக்காள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இறங்குகிறவர்களைத் தலை தலையாகப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“இதோட நிறுத்திருவாங்கதானப்பா?”

“என்னத்த?” என்றார் அப்பா.

“ஆளு கொண்டாந்து எறக்குறத. இம்புட்டுத்தான ஏரி. வந்துகிட்டே இருந்தா நாம என்னாத்த திங்கிறது?”

அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் வல்லியை நேராகப் பார்த்தார். அந்தக் கண்ணில் குத்தலும் இல்லை, வெற்றியும் இல்லை. களைப்புதான் இருந்தது.

“அத ஒந்தங்கச்சியக் கேளு. எண்ணுறவ அவதான்.”

வெளியே பேருந்தின் கதவு சாத்திக்கொண்டது. அக்காள் மெல்லத் திரும்பினாள். கூடை சுமந்து வல்லியைப் படிக்கவைத்தவளின் முகம்தான் அது. பார்வை மட்டும் கடைத்தெருவில் தினமும் தங்கையின் முதுகில் படுகிற பார்வை.

“ஏண்டி வல்லி,” என்றாள் அக்காள், அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில். “அடுத்த வருசம் நீ என்னா எழுதப்போற?”